பிள்ளைகளோடு திருவிழாவா? முந்தின நாளே போங்கள்

சின்னப் பிள்ளைகளுக்கு மதுரையில் முதலில் காட்ட வேண்டிய திருவிழா எது என்று யாராவது கேட்டால் நான் அழகர் ஆற்றில் இறங்குவதைச் சொல்வதில்லை. மார்கழி அஷ்டமி சப்பரத்தைத்தான் சொல்வேன். மார்கழித் தேய்பிறை அஷ்டமியன்று விடிகாலையிலேயே சுவாமி ஒரு சப்பரத்திலும் மீனாட்சி ஒரு சப்பரத்திலும் கிளம்பி வெளிவீதிகளைச் சுற்றி வருவார்கள், வழி நெடுக அரிசியைத் தூவிக்கொண்டே போவார்கள், அம்மன் சப்பரத்தைப் பெண்களே வடம் பிடித்து இழுப்பார்கள். எல்லா உயிருக்கும் இறைவன் படியளக்கிற நாள் அது. விழுந்த அரிசியைப் பொறுக்கி வீட்டு அரிசிப் பானையில் போட்டு வைத்தால் வருஷம் முழுக்கச் சாப்பாட்டுக்குக் குறை இருக்காது என்று நம்பிக்கை. தரையில் கிடப்பதை எடுக்காதே என்று நாள் பூராவும் கேட்டுக்கொண்டே இருக்கிற பிள்ளையிடம், போய்ப் பொறுக்கு என்று சொல்கிற திருவிழா வேறு எங்கே இருக்கிறது?

இதற்கு ஒரு கதை உண்டு. சிவன் உண்மையிலேயே எல்லா உயிருக்கும் சோறு போடுகிறாரா என்று பார்க்க, பார்வதி ஓர் எறும்பைப் பிடித்துச் சிமிழுக்குள் அடைத்து வைத்தாளாம். அப்புறம் திறந்து பார்த்தால் எறும்பு வாயில் ஓர் அரிசி. எங்கள் அப்பத்தா இந்தக் கதையைச் சப்பரத்துக்குக் காத்திருக்கிற நேரத்தில்தான் சொல்லும், வீட்டில் வைத்துக் கேட்டால் சொல்லாது. "அங்க வந்து கேளுடா, அப்பத்தான் மனசுல நிக்கும்" என்று முடித்துவிடும். நானும் என் மகளுக்குத் தெற்கு வெளிவீதியில் ஒரு பூட்டிய கடையின் படியில் உட்கார வைத்துத்தான் சொன்னேன். கதை முடிந்ததும் அவள் குனிந்து, படியில் எறும்பு ஓடுகிறதா என்று தேட ஆரம்பித்துவிட்டாள்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், மதுரையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போக இடமில்லை என்று சொல்பவர்கள் நிறையப் பேர். லீவுக்கு வருகிற சொந்தக்காரர்களும் இதைத்தான் கேட்கிறார்கள், "கோயில் பாத்தாச்சு, மஹால் பாத்தாச்சு, அப்புறம் என்ன மதினி இருக்கு?" என்று என் மனைவியிடம். ஆனால் இந்த ஊரில் மாசத்துக்கு ஒரு திருவிழா தெருவுக்கு வருகிறது, டிக்கெட் கிடையாது, வாசலில் நின்றால் போதும். சிக்கல் எங்கே என்றால், எல்லோரும் ஒரே நாளில், ஒரே நேரத்தில், ஒரே இடத்துக்குப் போகிறோம். பெரிய நாளில் பெரியவர்களுக்கே தலைகள்தான் தெரியும், இடுப்பு உயரப் பிள்ளைக்கு முதுகுகள் மட்டும்தான். திருவிழாவின் ஓரத்தில், அதாவது முந்தின நாளில், மறு நாளில், பக்கத்துத் தெருவில், அது தயாராகிற இடத்தில்தான் பிள்ளைகளுக்கு உண்மையில் எதையாவது காட்ட முடிகிறது. இது என் உறுதியான அபிப்பிராயம்.

பொங்கலை எடுத்துக்கொள்ளுங்கள். தை 1 அவனியாபுரம், 2 பாலமேடு, 3 அலங்காநல்லூர் என்று வரிசையாக ஜல்லிக்கட்டு. அலங்காநல்லூர் பக்கத்துக் கீழக்கரையில் 2024 ஜனவரியில் தனி அரங்கமும் திறந்துவிட்டார்கள். பெரிய பிள்ளைகள் காலரியில் உட்கார்ந்து பார்க்கலாம், சரி. ஆனால் கைப்பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு காளைகள் ஓடி வெளியேறுகிற பக்கத்தில் நிற்பவர்களைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு பதறுகிறது. அதற்குப் பதில் மார்கழிக் கடைசியில் அந்தப் பக்கத்துக் கிராமம் எதற்காவது போங்கள், காளை வளர்க்கிற வீட்டில் அனுமதி கேட்டுவிட்டு. காளையைக் கண்மாயில் நீச்சல் விடுவதும், மண்ணைக் குத்தப் பழக்குவதும், பருத்திக்கொட்டையும் பேரீச்சம்பழமும் கொடுப்பதும் நிதானமாகப் பார்க்கலாம். வாடிவாசலில் ஆளைத் தூக்கி எறிகிற காளை, வீட்டில் அந்த வீட்டுப் பெண் பிள்ளை கயிற்றைப் பிடித்தால் பின்னாலேயே நடக்கும். டிவியில் எத்தனை மணி நேரம் பார்த்தாலும் இது கிடைக்காது. வளர்க்கிறவர்கள் பெருமையாகவே காட்டுவார்கள், ஆனால் அவர்கள் சொல்கிற தூரத்தில்தான் பிள்ளையை நிறுத்த வேண்டும், ஃபிளாஷ் போட்டுப் படம் எடுக்கக் கூடாது.

அதே தை மாதத்தில் தெப்பத் திருவிழா. திருமலை நாயக்கர் 1645-ல் வெட்டிய வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம், பதினாறு ஏக்கர் பரப்பு. மஹால் கட்டச் செங்கலுக்கு மண் எடுத்த பள்ளம்தான் குளமானது, அப்போது கிடைத்தவர்தான் மீனாட்சி கோயிலில் இருக்கிற முக்குறுணிப் பிள்ளையார் என்று சொல்வார்கள். பல வருஷங்கள் இந்தக் குளம் காய்ந்து கிடந்து, உள்ளே பையன்கள் கிரிக்கெட் ஆடினார்கள், தெப்பத்தை நிலையிலேயே வைத்துத் திருவிழாவை முடித்தார்கள். பனையூர்க் கால்வாயைச் சரி செய்து வைகைத் தண்ணீரைக் கொண்டுவந்த பிறகுதான் மறுபடியும் தெப்பம் மிதக்கிறது. இதைப் பிள்ளைகளிடம் அவசியம் சொல்லுங்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்து பார்க்கிற தெப்பம் வேறு.

பகலில் இரண்டு சுற்று, ராத்திரி ஒரு சுற்று. ராத்திரிச் சுற்றுக்குத்தான் ஊரே வரும், மின்விளக்கு அலங்காரத்தில் அழகாகவும் இருக்கும், ஆனால் பிள்ளைகளோடு போகிறவர்கள் காலைச் சுற்றுக்குப் போவதே நல்லது. கரையில் நின்று வடம் இழுக்கிறவர்கள் குளத்தைச் சுற்றி நடக்க நடக்கத் தெப்பம் நகர்வதைப் பகல் வெளிச்சத்தில் பார்த்தால் அது எப்படி நகர்கிறது என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும். அன்றைக்கு மீனாட்சி கோயில் நடை சாத்தியிருக்கும், வெளியூரிலிருந்து வருகிறவர்கள் அதைக் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

தெப்பத்துக்கு முந்தின நாள் சிந்தாமணியில் கதிரறுப்புத் திருவிழா. சுவாமியும் அம்மனும் அங்கே எழுந்தருளி, கதிர் அறுக்கிற சடங்கு நடக்கும். மதுரைக்காரர்களிலேயே பாதிப் பேருக்கு இது தெரியாது. அரிசி கடையில் விளைகிறது என்று நினைக்கிற வயசுப் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இதைத் தவற விடாதீர்கள். வண்டி நிறுத்த இடம் இருக்கும், மூச்சு விட இடம் இருக்கும், நெற்கதிரைக் கையில் வாங்கிப் பார்க்கலாம்.

இப்போது சித்திரைக்கு வருகிறேன், இதைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும்.

சித்திரைத் திருவிழா என்றாலே நமக்குத் திருக்கல்யாணம், தேர், அழகர் ஆற்றில் இறங்குவது, இந்த மூன்றுதான். ஆனால் மீனாட்சி கோயிலில் கொடியேறின அன்றையிலிருந்தே தினமும் காலையும் மாலையும் சுவாமி மாசி வீதிகளைச் சுற்றி வருகிறார். திருக்கல்யாணம் பத்தாம் நாள்தான். முதல் வாரம் மாலைகளில் சுவாமிக்கும் அம்மனுக்கும் விதவிதமான வாகனங்கள்: கற்பக விருட்சம், சிம்மம், பூதம், அன்னம், காமதேனு, கைலாச பர்வதம், தங்கக் குதிரை. இதில் பூத வாகனம் வருகிற இரண்டாம் நாளைப் பிள்ளைகளுக்கென்றே ஒதுக்கலாம், பிதுங்கின கண்ணும் கோரைப் பல்லுமாகப் பூதம் தோளில் சுவாமியைச் சுமந்துகொண்டு வருவதைப் பார்த்து என் மகன் முதல் வருஷம் என் வேட்டிக்குள் ஒளிந்தான், அடுத்த வருஷம் கொடியேறுவதற்கு முன்பே "பூதம் எப்பப்பா?" என்று கேட்க ஆரம்பித்தான்.

சுவாமிக்கு முன்னால் வருகிற ஊர்வலம்தான் இன்னும் அருமை. கோலாட்டம் ஆடுகிற பெண் பிள்ளைகள், மீனாட்சி வேஷம் போட்டுக் கையில் கிளியோடு நடக்கிற நாலு வயசுக் குழந்தைகள், முருகன் வேஷத்தில் தூங்கி வழிகிறவன், அவன் கிரீடம் விழாமல் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடுகிற அம்மா. வேடிக்கை பார்க்கிற பிள்ளைக்குத் தன் வயசு ஆட்களே தெருவில் தெய்வமாகப் போவது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மேல மாசி வீதியிலோ வடக்கு மாசி வீதியிலோ, கடை அடைக்கிற நேரத்தில் ஒரு படியில் இடம் பிடித்து உட்கார்ந்தால் போதும், கடைக்காரர்கள் பெரும்பாலும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், சிலர் தண்ணீரும் கொடுப்பார்கள். தெரிந்தவர் வீட்டு மாடியை விட இந்தப் படிதான் நல்லது. பிள்ளைகள் கண் உயரத்துக்குப் பறையும் நாயனமும் கடந்து போக வேண்டும்.

அழகர் விஷயம். கள்ளர் வேடத்தில் கண்டாங்கி கட்டி அழகர்மலையிலிருந்து கிளம்புகிறவர், பொய்கைக்கரைப்பட்டி, கள்ளந்திரி, அப்பன்திருப்பதி என்று மண்டகப்படி மண்டகப்படியாக நின்று நின்று, மூன்றுமாவடியில் ஊர் எதிர்கொண்டு வரவேற்கிற எதிர்சேவை வாங்கி, தல்லாகுளத்தில் ஆண்டாள் சூடிக்கொடுத்த மாலையைப் போட்டுக்கொண்டு, சித்ரா பௌர்ணமி விடிகாலையில் தங்கக் குதிரையில் வைகையில் இறங்குகிறார். அந்த ஒரு நேரத்துக்கு ஆற்றுக்குள் சேர்கிற கூட்டத்தில் சின்னப் பிள்ளைகளைக் கொண்டுபோய் நிறுத்தாதீர்கள் என்று நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். 2022-ல் அந்த நேரத்து நெரிசலில் இரண்டு பேர் உயிர் போனது. பெரியவர்களுக்கே அந்த நிலைமை. அதற்காகப் பிள்ளைகளுக்கு அழகரைக் காட்டாமல் இருக்க வேண்டியதில்லை, அவர் மலையிலிருந்து வரவும் திரும்பிப் போகவும் நாள் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்.

வருகிற வழியில் பார்ப்பதென்றால் கள்ளந்திரி, அப்பன்திருப்பதிப் பக்கம். ரோடு ஓரத்தில் புளிய மரத்தடியில் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருப்பார்கள், பல்லக்குக்கு முன்னால் தோல்பையில் தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள், திரி ஏந்தி ஆடுகிறவர்கள், கூடவே நகர்ந்து வருகிற உண்டியல் வண்டிகள். சர்க்கரையை நிரப்பிச் சூடம் ஏற்றிய சொம்பை ஏந்தி நிற்கிற வரிசையில் பிள்ளைகளும் நிற்கலாம். தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள் பக்கத்தில் நின்றால் நனையாமல் தப்ப முடியாது, மாற்றுத் துணி ஒரு செட் எடுத்துக்கொள்ளுங்கள். நீர்மோர், பானகம், சுண்டல், தக்காளிச் சாதம் என்று பத்தடிக்கு ஒரு பந்தல். எந்தச் சாதியா, எந்த ஊரா என்று கேட்காமல் கையை நீட்டுகிற எல்லோருக்கும் கொடுக்கிறார்கள். பிள்ளைகள் அங்கே வாங்கிக் குடிப்பதோடு நிற்காமல், பந்தல்காரரிடம் கேட்டு ஒரு அரைமணி நேரம் டம்ளர் எடுத்துக் கொடுக்கட்டும். என் மகள் செய்தாள். "இன்னும் நாலு பேருக்குக் குடுத்துட்டு வர்றேன்பா" என்று சொல்லிச் சொல்லியே ஒன்றரை மணி நேரம் நின்றாள்.

திரும்பிப் போகிற பயணம் இன்னும் நிதானம். தேனூர் மண்டபத்தில் மண்டூக முனிவருக்குச் சாபம் தீர்த்து, ராமராயர் மண்டபத்தில் ராத்திரி முழுக்கத் தசாவதாரம் காட்டி, பூப்பல்லக்கில் ஏறிக் கள்ளழகர் மலைக்குத் திரும்புவார். தசாவதாரத்தன்று கூட்டம் உண்டு, விடிகிற நேரத்தில் போனால் குறைந்திருக்கும். மச்சம், கூர்மம், வாமனம் என்று ஒருவரே மாறி மாறி வருவதைப் பார்க்கிற பிள்ளைகள் அடுத்தது என்ன என்று விரல் விட்டு எண்ணுவார்கள். கடைசியில் மலையில் கோட்டை வாசலுக்கு வரும்போது பூசணிக்காயில் சூடம் ஏற்றித் திருஷ்டி சுற்றி உள்ளே கூட்டிக்கொண்டு போவார்கள். ஊருக்குப் போய் வந்த பிள்ளைக்கு அம்மா செய்வதைத்தான் அங்கே அழகருக்குச் செய்கிறார்கள், ஒரு பிள்ளைக்கும் அதை விளக்க வேண்டியதில்லை.

எந்த நாள் போனாலும் பிள்ளையின் சட்டைப் பையில் ஒரு துண்டுச் சீட்டில் உங்கள் நம்பரை எழுதிப் போடுங்கள், முழங்கையில் பேனாவாலும் எழுதுங்கள். கிளம்புவதற்கு முன் வீட்டிலேயே சொல்லிவிடுங்கள்: தொலைந்தால் நடக்காதே, நின்ற இடத்தில் நில், போலீஸ் மாமாவிடமோ பிள்ளை வைத்திருக்கிற ஓர் அம்மாவிடமோ சொல். வேட்டுச் சத்தத்துக்கு அழுகிற குழந்தைகளுக்குக் காதில் வைக்கப் பஞ்சு. அப்புறம் ஒரு வேண்டுகோள், திருவிழா நடத்துகிற எல்லோருக்குமே. பால் கொடுக்கிற தாய்மாருக்கு மறைப்போடு ஓர் இடம், பிள்ளைகள் போகிற மாதிரி சுத்தமான கழிப்பறை, இந்த இரண்டும் ஒவ்வொரு அரை கிலோமீட்டருக்கும் வேண்டும். பந்தல் போடுகிற நல்ல மனசுக்காரர்கள் இத்தனை பேர் இருக்கிற ஊரில் இது முடியாத காரியம் இல்லை. இது இல்லாததால்தான் என் மனைவி இரண்டு பிள்ளைகளும் கைக்குழந்தையாக இருந்த வருஷங்களில் சித்திரைத் திருவிழாவையே டிவியில் பார்த்தாள்.

கோடை விடுமுறையின் மத்தியானங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், வெயிலில் தெருவில் வேலையில்லை. புதுநத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்குத் தனிப் பகுதி இருக்கிறது, கூட்டிக்கொண்டு போனால் வீட்டுக்கு வர மறுப்பார்கள். ராணி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனையில் 1959-லிருந்து இயங்குகிற காந்தி மியூசியம், அங்கே சுடப்பட்ட அன்று காந்தி உடுத்தியிருந்த ரத்தக் கறை படிந்த துணியைப் பார்த்த பிறகு பிள்ளைகள் கேட்கிற கேள்விகளுக்குப் பதில் சொல்லத் தயாராகப் போங்கள். கீழடி அருங்காட்சியகம் சிவகங்கை மாவட்டம் என்றாலும் நமக்குப் பக்கம்தான். அங்கே நேராகப் பகடைக்காய்களும் வட்டச் சில்லுகளும் இருக்கிற பகுதிக்குப் போய்விடுங்கள். இரண்டாயிரம் வருஷத்துக்கும் முந்தின பிள்ளைகள் என்ன விளையாடினார்கள் என்று பார்த்த பிறகு பானை, கிணறு எல்லாவற்றையும் அவர்களே தேடிப் பார்ப்பார்கள்.

ஆடியில் அழகர்கோயில் தேர், பதினெட்டாம்படிக் கருப்புக்குச் சந்தனம் சாத்துவது எல்லாம் உண்டு, ஆடிப் பௌர்ணமியன்று கூட்டம் நெரியும். மறுநாளோ அடுத்த வாரமோ போய்க் கோயில் தோசை வாங்கித் தின்றுகொண்டு மலை மேல் இருக்கிற நூபுரகங்கைத் தீர்த்தத்துக்கு நடந்தால் போதும். குரங்கு பிடுங்கும், பையைக் கையில் தொங்கவிடாதீர்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது ஆவணி மூலத் திருவிழா. மதுரைச் சொக்கநாதர் ஆடிய அறுபத்து நாலு திருவிளையாடல்களில் சிலவற்றை நாளுக்கு ஒன்றாகக் கோயிலில் நடத்திக் காட்டுவார்கள். கருங்குருவிக்கு உபதேசம் செய்தது, நாரைக்கு முக்தி கொடுத்தது, மாணிக்கம் விற்றது, தருமிக்குப் பொற்கிழி அளித்தது, வளையல் விற்றது, நரியைப் பரியாக்கியது, புட்டுக்கு மண் சுமந்தது, விறகு விற்றது. இந்தப் பட்டியலைப் பாருங்கள், குருவி, நாரை, நரி, குதிரை, வளையல், விறகு, புட்டு. பிள்ளைகளுக்கென்றே எழுதின கதைகள் மாதிரி இருக்கிறது. முதல் நாள் ராத்திரி கதையைச் சொல்லித் தூங்க வைப்பது, மறுநாள் கோயிலில் அதே கதையைப் பார்ப்பது, இப்படி ஒரு வாரம் போனால் பிள்ளைகளே அடுத்த வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். குருவி உபதேச நாளிலும் நாரை முக்தி நாளிலும் கூட்டம் குறைவு, அர்ச்சகர் என்ன செய்கிறார் என்று பக்கத்திலிருந்தே பார்க்கலாம்.

புட்டுத் திருவிழாவுக்குச் சுவாமி கோயிலை விட்டுப் புட்டுத்தோப்புக்கு வந்துவிடுவார், அன்றைக்கும் நடை சாத்தியிருக்கும். திருப்பரங்குன்றத்திலிருந்து முருகனும், திருவாதவூரிலிருந்து மாணிக்கவாசகரும் வருவார்கள். வைகை உடைத்துக்கொண்டு வந்தபோது வீட்டுக்கு ஓர் ஆள் மண் சுமக்க வேண்டும் என்பது பாண்டியன் கட்டளை. ஆளில்லாத வந்திக் கிழவிக்காகச் சிவனே கூலியாளாக வந்து, உதிர்ந்த புட்டைக் கூலியாக வாங்கித் தின்று, வேலை செய்யாமல் ஆடிப் பாடித் தூங்கி, பிரம்படி வாங்கினார். அவர் முதுகில் விழுந்த அடி ராஜா உட்பட எல்லோர் முதுகிலும் விழுந்தது. இந்த இடத்தில் என் மகன், "அப்ப அடிச்சவருக்கும் வலிச்சிருக்குமாப்பா?" என்று கேட்டான். வலித்தது என்றேன். அவன் ரொம்ப நேரம் தங்கக் கூடையையும் மண்வெட்டியையும் பார்த்துக்கொண்டு நின்றான். புட்டுத்தோப்பில் புட்டும் கிடைக்கும், உதிர்ந்ததையே கேட்டு வாங்குங்கள், அதுதான் கதைக்குப் பொருத்தம்.

நவராத்திரிக்கு மீனாட்சி கோயில் கொலுவை எல்லோரும் பார்க்கிறார்கள், பார்க்க வேண்டியதுதான், தினம் ஓர் அலங்காரத்தில் அம்மன் இருப்பாள். ஆனால் அதற்கு முன்னால் விளாச்சேரிக்குப் போய் வாருங்கள். திருப்பரங்குன்றத்துக்குப் பக்கத்தில் இருக்கிற ஊர், வேளார் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகப் பொம்மை செய்கிறார்கள். வாசல், திண்ணை, தெரு எல்லாம் பொம்மை காயும். அச்சில் களிமண்ணை அழுத்தி எடுப்பது, இரண்டு பாதியை ஒட்டுவது, சூளையில் சுடுவது, வெள்ளை அடித்து வர்ணம் தீட்டுவது, கடைசியில் கண் திறப்பது, இத்தனையும் ஒரே தெருவில் நடந்தால் பார்த்துவிடலாம். அதே கைகள் விநாயகர் சதுர்த்திக்குப் பிள்ளையாரும், கொலுவுக்குத் தசாவதார செட்டும், கார்த்திகைக்கு அகலும், கிறிஸ்துமஸுக்குக் குடில் பொம்மைகளும் செய்கின்றன. மார்கழியில் கீழவாசல் வியாகுல மாதா கோயில் குடிலைப் பார்க்கப் போகும்போது என் பிள்ளைகள் ஆட்டுக்குட்டிகளையும் ஒட்டகத்தையும் பார்த்து, இது விளாச்சேரி, இது விளாச்சேரி இல்லை என்று பிரித்துச் சொல்கிறார்கள்.

வேலை நடக்கிற வீட்டில் அரை நாள் நின்று பார்த்துவிட்டு வெறுங்கையோடு வராதீர்கள். பிள்ளை கையில் கொஞ்சம் காசைக் கொடுத்து, அதற்குள் எது வேண்டுமோ அதை அவர்களே தேர்ந்தெடுக்கட்டும், பேரம் பேச வேண்டாம். பழைய துணியும் பேப்பரும் எடுத்துக்கொண்டு போங்கள், சுற்றி வைக்கத் தேவைப்படும். ஆவணிக்குள் போய்விடுவது நல்லது. புரட்டாசி பிறந்துவிட்டால் நல்ல பொம்மைகள் எல்லாம் வெளியூருக்கு வண்டி ஏறிவிடும்.